ஒரு ஆளுக்குச் சமையல்: அளவைக் குறைத்தால் ருசி போகிறது, குறைக்காவிட்டால் மிஞ்சுகிறது

#1 ஒத்தைத்தட்டு

சமையல் ஒரு ஆளுக்கு மட்டும்தான். கையில் இருப்பது: ஒரு இண்டக்ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், மிக்ஸி, ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். நாலு பேர் சாம்பார் அளவை அப்படியே நாலால் வகுத்து வைத்தால் கெட்டியாகி அடிபிடிக்கிறது, புளிப்பும் தூக்கலாகிறது. வகுக்காமல் வைத்தால் மூணு நாளைக்கு அதே சாம்பார். கீரை ஒரு கட்டு வாங்கினால் பாதி குப்பைக்குப் போகிறது. மாவு நாலாம் நாள் வாயில் வைக்க முடியாத புளிப்பு.

கடைச் சாப்பாடு, ஓட்ஸ், நூடுல்ஸ் யோசனை வேண்டாம். சோறு, குழம்பு, காய் என்று ஒழுங்காகச் சாப்பிட வேண்டும். அளவோடு சொன்னால் நல்லது.

#2 வெண்கலப்பானை

வகுத்ததுதான் தப்பு. பருப்பு, காய், புளி, பொடி எல்லாவற்றையும் வகுக்கலாம். தண்ணீரை வகுக்கக் கூடாது. கொதிக்கும்போது ஆவியாகிற தண்ணீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் தீயையும் பொறுத்தது, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது இல்லை. நாலு பேர் சாம்பாரில் ஒரு டம்ளர் வற்றினால் தெரியாது. ஒரு ஆள் சாம்பாரில் அதே ஒரு டம்ளர் வற்றினால் மிச்சம் இருப்பது கூட்டு. அப்போது புளியும் உப்பும் செறிந்துபோய் நாக்கைச் சுடும்.

முதலில் பாத்திரத்தை மாற்றுங்கள். வாய் 14 செ.மீ. உள்ள, ஒரு லிட்டர் பிடிக்கிற, அடி கனமான பாத்திரம் போதும்.

ஒரு ஆள் சாம்பார் (200 மி.லி. டம்ளர் கணக்கு):
துவரம்பருப்பு 2 மேசைக்கரண்டி, சுமார் 30 கிராம்
காய் 100 கிராம், சின்ன வெங்காயம் 5
புளி 3 முதல் 4 கிராம், கோலிக்குண்டை விடச் சின்ன உருண்டை
சாம்பார் பொடி 1 டீஸ்பூன், தலை தட்டி
தண்ணீர் ஒன்றரை டம்ளர், உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைய

காயையும் வெங்காயத்தையும் ஒரு டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூளோடு மூடி போட்டு முக்கால் பதம் வேகவிடுங்கள். அதற்குப் பிறகுதான் புளி. புளிப்பில் காய் மெதுவாகத்தான் வேகும். புளியை முதலிலேயே ஊற்றிவிட்டு முருங்கைக்காய் வேகவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் கொதிக்கவிடுவதில்தான் பாதித் தண்ணீர் போகிறது. மீதி அரை டம்ளரில் புளியைக் கரைத்து ஊற்றி, பொடியும் உப்பும் போட்டு, பச்சை வாசனை போக 5 நிமிடம். கடைசியில் வெந்த பருப்பு. ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடலாம்.

தாளிப்புக்கும் இதே சிக்கல் உண்டு. அகல வாணலியில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் அது பரவிப்போய்க் கடுகு பாதி வெடிக்கும், பாதி கருகும். காஸ் அடுப்பு இருந்தால், தாளிப்புக் கரண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் எண்ணெய் ஒரு மூலையில் தேங்கும், கடுகு அதில் மூழ்கிப் பொரியும்.

#3 அரைவிசில்

அக்கா சொன்னதோடு அடுப்பு விஷயமும் ஒன்று இருக்கிறது. நிறைய இண்டக்ஷன் அடுப்புகள் குறைந்த தீயில் வைத்தால் மெதுவாக எரிவதில்லை. முழு வேகத்தில் சில நொடி எரிந்து, அணைந்து, திரும்ப எரியும். மெல்லிய அடி எவர்சில்வர் பாத்திரத்தில் அந்தச் சில நொடியிலேயே பருப்பு ஒட்டிக்கொள்ளும். மூன்றடுக்கு அடி உள்ள பாத்திரமாகப் பாருங்கள். அடிப்பகுதி 12 செ.மீ.க்குக் கீழே இருந்தால் பல அடுப்புகள் பாத்திரம் இருப்பதையே உணராது. வாங்கும் முன் அளந்துகொள்ளவும். வெறும் அலுமினிய குக்கர் இண்டக்ஷனில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்ட வேண்டும்.

குக்கரை அடுக்கு முறையில் பயன்படுத்துங்கள். 3 லிட்டர் குக்கருக்குள் போகிற இரண்டு சின்னப் பாத்திரம் வேண்டும்.

அடியில் ஒன்றேகால் டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்டாண்ட். கீழ்ப் பாத்திரத்தில் 30 கிராம் பருப்பு, முக்கால் டம்ளர் தண்ணீர், மஞ்சள்தூள், இரண்டு சொட்டு எண்ணெய். மேல் பாத்திரத்தில் பொன்னி புழுங்கல் அரை டம்ளர் (சுமார் 80 கிராம்), ஒன்றேகால் முதல் ஒன்றரை டம்ளர் தண்ணீர். நாலு விசில், பிறகு தீயைக் குறைத்து 5 நிமிடம். ஆவி தானாக அடங்கும்வரை வெயிட்டைத் தூக்க வேண்டாம். அவசரப்பட்டுத் தூக்கினால் பருப்பு நுரை பொங்கி வெயிட் குழாய்க்குள் போய் அடைக்கும், அடுத்த முறை அது ஆபத்து.

நேரடியாகக் குக்கரிலேயே அரை டம்ளர் அரிசி வைத்தால் சரியாக வராது. விசிலில் போகிற ஆவி அரிசியின் தண்ணீரிலிருந்தே போகும். அரிசி குறைவாக இருக்கும்போது அந்த இழப்பு பெரிது. மேலே காய்ந்த சோறு, அடியில் பொருக்கு.

#4 ஒத்தைத்தட்டு

அடுக்கு முறையில் சோறு சரியாக வருகிறது, பருப்பு மட்டும் முழுசு முழுசாக நிற்கிறது. விசிலைக் கூட்டினால் சோறு குழைகிறது.

#5 வெண்கலப்பானை

பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து வையுங்கள், அரிசியை 10 நிமிடம் போதும். பருப்புப் பாத்திரம் எப்போதும் கீழே. அதற்கும் வேகவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீர் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். மூன்றாவது காரணம் பழைய பருப்பு. ஒரு ஆளுக்கு 2 கிலோ பருப்பு வாங்கி ஆறு மாதம் வைத்திருந்தால் அது கல்லாகத்தான் இருக்கும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

சோடா உப்பு போடச் சொல்வார்கள், வேண்டாம். வெந்துவிடும், ஆனால் வழவழவென்று ஆகி மணமும் போகும்.

#6 ஞாயிறுசமையல்

தினமும் 30 கிராம் பருப்புக்குக் குக்கர் ஏற்றுவது வீண் வேலை. வாரம் ஒரு தடவை 200 கிராம் பருப்பு உப்பில்லாமல் வேகவைத்து, மசித்து, ஆறவைத்து, ஆறு ஏழு சின்ன டப்பாவில் பிரியுங்கள். இரண்டு டப்பா கீழே, மீதி ஃப்ரீசரில். அதே மாதிரி:

புளி: 100 கிராம் புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கரைத்து வடிகட்டி, ஒரு டீஸ்பூன் உப்புடன் கெட்டியாகக் கொதிக்கவிடவும். கண்ணாடி பாட்டிலில் ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். ஒரு டீஸ்பூன் விழுது ஏறக்குறைய 3 கிராம் புளி. அலுமினியப் பாத்திரம் கூடாது.

தொக்கு: வெங்காயம் அரைக் கிலோ, தக்காளி அரைக் கிலோ, எண்ணெய் 4 மேசைக்கரண்டி, உப்பு. எண்ணெய் பிரியும்வரை வதக்கி ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போடவும். முட்டைக் குழம்பு, சுண்டல் குருமா, தக்காளி சாதம் மூன்றுக்கும் இதுதான் அடிப்படை. ஒரு ஆளுக்கு இரண்டு கட்டி.

தேங்காய்: துருவி, ஜிப் பையில் அரை விரல் கனத்தில் தட்டையாகப் பரப்பி உறையவைக்கவும். உருண்டையாக வைத்தால் உடைக்கச் சுத்தியல் வேண்டும். தட்டையாக இருந்தால் வேண்டிய துண்டை ஒடித்துக்கொள்ளலாம்.

இது நாலும் கையில் இருந்தால் எந்தக் குழம்பும் 15 நிமிடம். சாம்பார், குருமா எல்லாமே மொத்தமாக வைத்து உறையவைத்துவிடலாம்.

#7 மிளகுத்தக்காளி

கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். முடித்த சாம்பாரை உறையவைத்தால் கத்தரிக்காய் துணி மாதிரி ஆகும், உருளைக்கிழங்கு பொடிப்பொடியாக உதிரும், முள்ளங்கி நாறும். காய்க்குள் இருக்கிற தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் சுவர்களைக் கிழித்துவிடுகிறது, திரும்பச் சூடு செய்ததும் எல்லாம் வெளியே வடிந்துவிடும். தயிர் சேர்த்த மோர்க்குழம்பு திரிந்துபோகும். உறையவைக்கத் தகுந்தவை: பருப்பு, தொக்கு, வேகவைத்த கொண்டைக்கடலை, ராஜ்மா, தேங்காய், பச்சைப் பட்டாணி. காயும் தாளிப்பும் அன்றன்றைக்குத்தான்.

இன்னொன்று. கேட்டவரிடம் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் மேல் பெட்டி தனி ஃப்ரீசர் அளவுக்குக் குளிராது, பனி படியும், பனியைக் கரைக்கும்போது உள்ளே இருப்பதும் இளகும். ஒரு மாதம் என்று யாராவது சொன்னால் இரண்டு வாரம் என்று எடுத்துக்கொள்ளவும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் வைத்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும். ஒருமுறை முழுசாக இளகி வெதுவெதுப்பான பருப்பைத் திரும்ப உறையவைக்காதீர்கள்.

#8 ஞாயிறுசமையல்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ராஜ்மா குருமாவை மனதில் வைத்துச் சொன்னது. கத்தரிக்காய் சாம்பாருக்கு அது பொருந்தாதுதான்.

#9 அரைவிசில்

மிஞ்சிய சோறு பற்றி யாரும் சொல்லவில்லை. மதியம் வடித்த சோற்றை மேடையிலேயே வைத்திருந்து ராத்திரி லெமன் சாதம் கிளறுவது பலர் செய்கிற தப்பு. அரிசியில் இருக்கிற பாசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு திரும்பச் சூடு செய்தாலும் போகாது. அதனால் இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கவும். மறுநாளே தீர்த்துவிடவும். சூடு செய்யும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் விறைப்பு போகும்.

#10 மிளகுத்தக்காளி

"ஒழுங்காகச் சாப்பிட வேண்டும்" என்று முதல் பதிவில் இருக்கிறது. அதற்கு ஒரு கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2000 கிலோ கலோரி தேவைப்படுகிறவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு, முட்டை, இறைச்சி வகை சேர்த்து 85 கிராம், காய் கீரை 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. இவை எல்லாம் சமைக்காத எடை.

தனியாகச் சமைக்கிறவர்கள் தட்டில் தானியம் தானாக வந்துவிடும். காயும் பருப்பும்தான் விட்டுப்போகும். ஏனென்றால் சோறு வைப்பது ஒரு வேலை, காய் நறுக்குவது இன்னொரு வேலை. ரசமும் அப்பளமும் போதும் என்று ஆகிவிடும்.

புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது பரிந்துரை, 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். 250 கிராம் அரிசியில் ஏறக்குறைய 18. இரண்டு வேளைக்கு 60 கிராம் பருப்பில் 13. தயிரில் 9. ஒரு முட்டையில் 6. மொத்தம் 46. சாயங்காலம் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்தால் கணக்கு முடிந்தது. முட்டை சாப்பிடாதவர்கள் 15 கிராம் மீல்மேக்கர், அதில் 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்தால் அந்த வாடை போகும்.

காய்க்கு ஒரே வழி, குழம்பில் 100 கிராம், பொரியலில் 150 கிராம் என்று எடை போட்டு நறுக்குவது. ஒரு வாரம் எடை போட்டால் கை அளவு பழகிவிடும். பொரியல் 18 செ.மீ. வாணலியில், ஒரு டீஸ்பூன் எண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, பீன்ஸ் 8 நிமிடம். பெரிய வாணலி என்றால் தண்ணீர் ஒரு நிமிடத்தில் வற்றிக் காய் வேகாமலே கருகும்.

#11 சந்தைப்பை

கீரைக்கு வருகிறேன். ஒரு கட்டு அரைக்கீரையை வாங்கிய அன்றே வேரை வெட்டி, ஆய்ந்து, இரண்டாகப் பிரியுங்கள். பாதி அன்றைக்கு மசியல். மீதியைக் கழுவாமல் காய்ந்த பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ கூட்டுக்கு ஆகும். கழுவி வைத்ததுதான் கொழகொழவென்று அழுகும். முருங்கைக்கீரை கொப்போடு வாங்கி, ராத்திரி துணியில் கட்டி வைத்தால் காலையில் இலை தானே உதிர்ந்திருக்கும், ஆய்கிற வேலை மிச்சம்.

பச்சைமிளகாய் காம்பு கிள்ளி, அடியில் காகிதம் விரித்த டப்பாவில். கொத்தமல்லி வேரை வெட்டி, கழுவாமல், காகிதத்தில் சுற்றி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம், சேர்ந்து கிடந்தால் இரண்டுமே சீக்கிரம் கெடும்.

உழவர் சந்தையில் கால் கிலோ கால் கிலோவாக நாலு காய் வாங்குங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வாங்கினால் போதும். முதல் மூன்று நாள் கீரை, வெண்டை, கத்தரி. பிற்பாதிக்கு கேரட், பீட்ரூட், கோஸ், பூசணிக்கீற்று. இந்த வரிசையை மாற்றினால் வெண்டைக்காய் முற்றி நாராகிவிடும். மளிகைக் கடைகளில் கட்டி விற்கிற சாம்பார் காய்ப் பை ஒரு ஆளுக்குச் சௌகரியமாகத் தெரியும், ஆனால் அடியில் இருக்கிற தக்காளியைப் பார்த்து வாங்கவும்!

#12 ஒத்தைத்தட்டு

மாவு பற்றி யாராவது?

#13 வெண்கலப்பானை

இட்லி அரிசி 2 டம்ளர், உளுந்து அரை டம்ளர், வெந்தயம் அரை டீஸ்பூன். இதில் சுமார் 20 இட்லி வரும். ஒரு ஆளுக்கு நாலைந்து நாள். இதைவிடக் குறைத்தால் மிக்ஸியில் உளுந்து சுற்றாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பொங்காது. உளுந்தை ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, ஊறின அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து, விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸி சூட்டில் உளுந்து அமுங்கிப்போனால் இட்லி கல்தான்.

புளிப்புக்குக் காரணம் மாவு முழுவதையும் ஒரே பாத்திரத்தில் முழு நேரமும் பொங்கவிடுவது. உப்புப் போட்டுக் கரைத்ததும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி ராத்திரி முழுக்க வெளியே. இன்னொரு பாதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். முதல் பாதியில் இரண்டு நாள் இட்லி. அது தீர்ந்ததும் இரண்டாம் பாதியை ராத்திரி வெளியே எடுத்து வைத்தால் காலைக்குள் பொங்கிவிடும். கோடையில் வெளியே வைக்கிற நேரத்தை 5 மணியாகக் குறைக்கவும். எடுக்கிற கரண்டியில் ஈரம் கூடாது. கடைசி நாள் மிச்சத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ரவை, நறுக்கின சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டுப் பணியாரம். புளிப்பு அதில் குறையாகத் தெரியாது.

#14 திண்ணைவாசி

சட்னி? ஒரு ஆளுக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தால் பிளேடுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. விரலால் வழித்து எடுக்கிறதுதான் மிச்சம்.

#15 அரைவிசில்

பிளேடு மூழ்குகிற அளவுக்குக் கீழே எந்த ஜாரும் அரைக்காது. 300 அல்லது 400 மி.லி. சட்னி ஜார், தேங்காய் 3 மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை ஒன்றரை மேசைக்கரண்டி, மிளகாய் ஒன்று, தண்ணீர் 4 மேசைக்கரண்டி. முதலில் தண்ணீர் இல்லாமல் இரண்டு சுற்று, பிறகு தண்ணீர். அதற்கும் கீழே என்றால் இடிகல்தான். தக்காளிச் சட்னி என்றால் மூன்று நாளைக்கு வதக்கி அரைத்துவிடுங்கள், தேங்காய் இல்லாததால் ஃப்ரிட்ஜில் தாங்கும்.

இஞ்சி பூண்டு விழுதும் மொத்தமாக அரைக்கலாம், ஆனால் எண்ணெய் ஊற்றி மேடையில் வைக்க வேண்டாம். காற்றுப் போகாத எண்ணெய்க்குள் பச்சைப் பூண்டு வெளியே கிடந்தால் பொட்டுலிசம் என்ற கடும் நோயைத் தரும் நஞ்சு உண்டாகலாம், வாசனையில் தெரியாது. ஐஸ் தட்டில் உறையவைத்துவிடவும்.

#16 மேன்ஷன்அறை

ஃப்ரிட்ஜே இல்லாத அறை, ஒரு அடுப்பு மட்டும். மேலே சொன்னதில் பாதி இங்கே நடக்காது. என்ன செய்வது?

#17 வெண்கலப்பானை

தம்பி, ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் இருந்த சமையல் முழுக்க உங்களுக்கானதுதான்.

பருப்புப் பொடி: துவரம்பருப்பு அரை டம்ளர், பொட்டுக்கடலை கால் டம்ளர், வரமிளகாய் 6, மிளகு ஒரு டீஸ்பூன், பெருங்காயம், உப்பு. பருப்பைச் சிவக்க வறுக்க வேண்டும், நடுவில் பச்சையாக இருந்தால் வயிற்றை ஊதும். நன்றாக ஆறிய பிறகு அரைக்கவும், சூட்டோடு அரைத்தால் ஈரம் கட்டிச் சிக்கு வாடை வரும். மூன்று வாரம் இருக்கும். ஒரு வேளைக்கு 2 மேசைக்கரண்டி, நல்லெண்ணெயோடு.

புளிக்காய்ச்சல்: புளி 50 கிராம், நல்லெண்ணெய் 6 மேசைக்கரண்டி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட வேண்டும். பத்து நாள் வெளியிலேயே நிற்கும். வத்தக்குழம்பு காலையில் வைத்தால் ராத்திரி ஒரு கொதி கொடுத்து மறுநாள் மதியம்வரை. பருப்பு, தேங்காய் சேர்ந்த எதுவும் அந்த வேளையோடு சரி.

ராத்திரிச் சோறு மிஞ்சினால் ஆறிய உடனே மூழ்கத் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள், காலையில் மோர், சின்ன வெங்காயம். மறுநாள் மதியத்துக்கு இழுக்க வேண்டாம். கொழகொழப்போ கெட்ட வாடையோ இருந்தால் கொட்டிவிடவும்.

முட்டை வெளியே ஒரு வாரம் தாங்கும், கழுவாமல் வையுங்கள். காய் அன்றன்றைக்குக் கால் கிலோ.

#18 மேன்ஷன்அறை

நன்றி அக்கா. தயிர்? கடைத் தயிர் அரை லிட்டர் வாங்கினால் மறுநாள் ராத்திரிக்குள் புளித்துவிடுகிறது.

#19 வெண்கலப்பானை

ஒரு டம்ளர் தோய்க்கிற பழக்கத்துக்கு வாருங்கள். பால் ஒரு டம்ளர் காய்ச்சி, விரல் வைத்தால் இதமாக இருக்கிற சூட்டில் அரை டீஸ்பூன் உறை. ராத்திரி 10 மணிக்கு ஊற்றினால் காலை 5க்குத் தோய்ந்திருக்கும், மதியத்துக்குச் சரியான பதம். பால் மிஞ்சும் என்றால் பால் பவுடர் 3 மேசைக்கரண்டி, ஒரு டம்ளர் வெந்நீர், அதுவும் தோயும். உறைக்கு ஒரு டீஸ்பூன் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட உட்காரவும், மறந்துபோய் வழித்துச் சாப்பிட்டுவிட்டால் மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்.